ஊட்டி காலேஜ் பசங்க ஏன் ஃபாஸ்ட் ஃபுட் கடை வாசல்லயே நிக்கிறோம்? புராஜெக்ட் கேள்வித்தாளுக்கு உதவி வேணும்

#1 கேத்தி_பொண்ணு | திங்கள், மாலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில எம்.காம் கடைசி வருஷம் படிக்கறேன். "நீலகிரி கல்லூரி மாணவர்கள் துரித உணவு உண்பதற்கான காரணிகள்"னு புராஜெக்ட் தலைப்பு. கேள்வித்தாள் போட்டாச்சு. காரணம் ஆறு குடுத்திருக்கேன்: ருசி, விலை, நேரமில்லை, நண்பர்கள், விளம்பரம், வீட்டு அல்லது ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கலை. ஒவ்வொண்ணுக்கும் "முழுக்க ஒத்துக்கறேன்" தொடங்கி "ஒத்துக்கவே மாட்டேன்" வரைக்கும் அஞ்சு கட்டம்.

முதல்ல கிளாஸ்லயே குடுத்துப் பார்த்தேன். ருசிக்கு நேரா முழு டிக், மீதி எல்லாத்துக்கும் நடுக்கட்டம். பேப்பரை மடிச்சுக் கையில திணிச்சுட்டு அப்படியே சேரிங் கிராஸ் பக்கம் வண்டிக்கடைக் காளான் மசாலா சாப்பிடக் கிளம்பிட்டாங்க. கைடு அதைப் புரட்டிப் பார்த்துட்டு, "ருசியா இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா ஒரு ஆராய்ச்சி?"ன்னுட்டார்.

கோயமுத்தூர், சென்னையில செஞ்ச புராஜெக்ட்டுலயும் இதே ஆறு காரணம்தான் இருக்கு. மலைக்குன்னு தனியா ஏதாவது இருக்கா? நான் எதை விட்டுட்டேன்?

#2 சும்மா_வந்தேன் | திங்கள், மாலை 6:52

ருசிதான் காரணம். இழையை மூடிடலாம். மூடறதுக்கு முன்னாடி அந்தக் காளான் கடை எதுன்னு சொல்லிட்டுப் போங்க.

#3 எமரால்டு_ரிட்டர்ன் | திங்கள், இரவு 7:30

ஊட்டியில படிச்சு முடிச்சு இப்ப கோயமுத்தூர் காந்திபுரத்துல வேலை. இங்க தெருவுக்கு நாலு நூடுல்ஸ் கடை இருக்கு, தாண்டிப் போறப்ப திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. ஊட்டியில இருந்தப்ப ஒரு நாள் விட்டதில்லை. நாக்கு அதே நாக்குதானே. அப்ப ருசி மட்டும் காரணம்னா கணக்கு இடிக்குதே.

எனக்குத் தெரிஞ்ச காரணம் குளிர். ஜூலை மாசம் சாரல் விடாம அடிக்கும், ஸ்வெட்டர் ஈரம், ஷூ ஈரம். மெஸ்ல சாதம் தட்டுல விழறப்பதான் சூடு. சாம்பார் வாங்கி டேபிளுக்கு வந்து உட்கார்றதுக்குள்ள அது பச்சைத்தண்ணி. தள்ளுவண்டியில மட்டும் வாயில வைக்கறப்பவும் ஆவி பறக்கும். கல்லு பக்கத்துல நின்னா உடம்புக்கும் கொஞ்சம் கணகணப்பு. பாதி நாள் நாங்க போனதே அடுப்புகிட்ட நிக்கத்தான், சும்மா நிக்க முடியாதுன்னு ஒரு பிளேட் சொல்லுவோம்.

#4 கொதிநிலை | திங்கள், இரவு 8:15

இயற்பியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் எமரால்டு_ரிட்டர்ன் சொன்னதில் பாதியை நான் விளக்குகிறேன்.

ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆகவே இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். பருப்பும் கொண்டைக்கடலையும் அண்டாவில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் நடுவில் நறுக்கென்றே இருக்கும். வீட்டில் குக்கர் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பேருக்கு அண்டாவில் பொங்கும் விடுதியில் என்ன செய்வார்கள்? ஒன்று அரிசி நறுக்கரிசியாக இருக்கும், இல்லையென்றால் பயந்துகொண்டு வேகவிட்டுக் களியாக்கிவிடுவார்கள். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து புதிதாக வரும் சமையல்காரர்கள் முதல் மாதம் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

இட்லி மாவின் கதை இன்னும் மோசம். டிசம்பர், ஜனவரியில் இரவு முழுக்க வைத்தாலும் மாவு பொங்காது. அடுப்பு மேடையில் வைப்பார்கள், கம்பளி போர்த்துவார்கள், ஹாட்பாக்ஸுக்குள் வைப்பார்கள். பெரிய சமையலறையில் அதற்கெல்லாம் ஏது வழி? அதனால் காலையில் உப்புமா, பிரெட், மறுபடியும் உப்புமா.

எண்ணெய்க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பஜ்ஜி போட 170, 180 டிகிரி வேண்டும், மலை மேலேயும் எண்ணெய் தாராளமாக அந்தச் சூட்டுக்குப் போகும். வேகவைப்பது இங்கே தோற்கிறது, பொரிப்பது தோற்பதில்லை. மிளகாய் பஜ்ஜி கீழே எப்படியோ அப்படியேதான் மேலேயும். நம் மாணவர்கள் பொரித்ததை நாடுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

#5 கேத்தி_பொண்ணு | திங்கள், இரவு 8:31

சார், இது எந்தப் புராஜெக்ட்லயும் இல்லை! ஆனா இதை எப்படிக் கேள்வியாக்கறது? "தண்ணீர் 93 டிகிரியில் கொதிப்பதால் நான் பஜ்ஜி உண்கிறேன், ஒத்துக்கறேன் / ஒத்துக்கலை"ன்னா?

#6 தள்ளுவண்டி_அண்ணன் | திங்கள், இரவு 10:50

கடை சாத்திட்டு வந்து படிச்சேன். ஃபாஸ்ட் ஃபுட் வண்டி போட்டிருக்கேன், இடம் சொல்லலை. என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க.

பாப்பா, நீ "விலை"ன்னு ஒரு கட்டம் போட்டிருக்க. அது பத்தாது. ஓட்டல்ல ஒரு மீல்ஸ் வாங்கினா ஒரு ஆள்தான் சாப்பிடணும், "பகிர்ந்து உண்ண அனுமதி இல்லை"ன்னு போர்டே மாட்டியிருப்பாங்க. என்கிட்ட ஒரு ஃப்ரைட் ரைஸ் சொல்லி நாலு ஸ்பூன் கேப்பாங்க. நான் முகம் சுளிக்கறதில்லை. ஒரு பிளேட் காளானுக்கு மூணு பேர் குச்சி வெச்சுக் குத்துவாங்க. ஒருத்தன் ஜிபே பண்ணுவான், மத்தவங்க அவனுக்கு அப்புறம் அனுப்புவாங்க, இல்லைன்னா நாளைக்கு இவன் முறை. மீல்ஸை எப்படிம்மா மூணாப் பிரிப்ப? விலை குறைச்சல்னு என்கிட்ட வர்றதில்லை, பிரிச்சுக்கலாம்னு வர்றாங்க.

அடுத்து, என் கடை ஏன் இங்க இருக்கு? சத்தியமா காலேஜ் பசங்களுக்காகப் போடலை. ஏப்ரல், மே டூரிஸ்ட்டுக்காகப் போட்டது. சீசன்ல பசங்க வந்தா எனக்கே கையை ஆட்ட நேரம் இருக்காது, விலையும் சீசன் விலைதான். ஜூன்ல மழை இறங்கினதும் டூரிஸ்ட் போயிடுவான். 2024 மே மாசம் மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்ததுல இருந்து சாதா நாள்லயும் கூட்டம் முன்ன மாதிரி இல்லைங்கறது என் கணக்கு. அந்த மழை மாசத்துல வண்டி வாடகை, சிலிண்டர் காசு எல்லாம் பசங்க தயவுலதான். அதனால அப்ப ஹாஃப் பிளேட் போடுவேன், முட்டை ஒண்ணு கூட உடைச்சு ஊத்துவேன். அவங்களைப் பிடிச்சு வெச்சுக்கறதுக்கு நான் பண்ற வேலை அது. அதையும் காரணத்துல எழுது.

இன்னொண்ணு. எல்லாரும் ஃபாஸ்ட் ஃபுட்னா வெளிநாட்டுச் சரக்குன்னு பேசறாங்க. என் வண்டியில இருக்கற கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாம் இந்த மலையில விளைஞ்சது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போயி ஏலத்துல ஏறி, சில நாள் மறுபடி மலையேறி எனக்கே வரும். கோஸ் விலை விழுந்தா எனக்கு லாபம், எங்க மாமனாருக்கு நஷ்டம், அவரு அதைத்தான் பயிர் வெக்கறாரு.

#7 நடுவட்டம்_வழி | செவ்வாய், காலை 7:05

பஸ்ல உட்கார்ந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை மன்னிக்கவும்.

கூடலூர்ல இருந்து தினமும் ஊட்டி. அம்பது கிலோமீட்டர்தான், ஆனா நடுவட்டம், பைக்காரா வழியா மலையேறி வரணும். வீட்டுல அம்மா அஞ்சு மணிக்கே எழுந்து தோசை ஊத்தி வெக்கறாங்க. சாப்பிட மாட்டேன். ஏன்னா வயித்துல ஏதாவது இருந்தா வளைவுல வாந்தி. என்னை மாதிரி பஸ்லயே ஒரு கூட்டம் இருக்கு, வெறும் வயித்தோட ஏறி எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வர்றவங்க.

ஊட்டியில இறங்கினா ஃபர்ஸ்ட் அவருக்கு நேரம் சரியா இருக்கும். பதினொரு மணி இன்டர்வெல் வரைக்கும் தண்ணிதான். அப்ப பத்து நிமிஷத்துல என்ன கிடைக்குமோ அதுதான் காலைச் சாப்பாடு: பஃப்ஸ், வர்க்கி பிஸ்கட், டீ. மத்தியானம் டிபன் பாக்ஸ் இருக்கும், பத்து பேர் கை வெச்சு முடிஞ்சுடும். சாயங்காலம் கிளாஸ் விட்டு பஸ் வர்ற வரைக்கும் ஒரு இடைவெளி. வீட்டுக்குப் போய்ச் சேர ராத்திரி ஆயிடும்னு தெரியும், அதனால ஏதாவது போட்டுக்கணும். அங்கதான் நூடுல்ஸ். திரும்பற வழி இறக்கம், அதுல மட்டும் எனக்கு வாந்தி வராது, ஏன்னு கொதிநிலை சார்தான் சொல்லணும்.

"நேரமில்லை"ன்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்க. எனக்கு சாயங்காலம் நேரம் நிறைய இருக்கு. போறதுக்குத்தான் இடம் இல்லை.

#8 கல்லட்டி_மூணாம்வளைவு | செவ்வாய், காலை 11:20

கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கிறேன். கேத்தி_பொண்ணு, உங்கள் கைடு சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கோளாறு தலைப்பில் இல்லை. கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது.

"ஏன் சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒருவரைக் கேட்டால் தன்னை மரியாதையாகக் காட்டும் பதிலைத்தான் சொல்வார். "எனக்குப் பிடிக்கும்" என்று சொல்வது கௌரவம். "டிபன் பாக்ஸைத் திறக்கக் கூச்சம்", "அறைக்குப் போனால் தனியாக இருக்க வேண்டும்", "மெஸ் கட்டணம் பாக்கி" என்பதையெல்லாம் அஞ்சு கட்டத்தில் எவரும் டிக் அடிக்க மாட்டார். உணவு ஆய்வுகளில் 24 மணி நேர நினைவுகூரல் என்று ஒரு முறை உண்டு. நேற்று காலை எழுந்தது முதல் படுத்தது வரை வாயில் போட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள். நீங்கள் அதோடு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அப்போது எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். காரணத்தை அவர்கள் வாயால் கேட்காதீர்கள். இந்த மூன்றிலிருந்து நீங்களே எடுங்கள். நடுவட்டம்_வழி எழுதியதைப் பாருங்கள், ஒரு நாளை வரிசையாகச் சொன்னார், காரணம் தானாக வந்து நிற்கிறது.

இன்னொன்று. "ஃபாஸ்ட் ஃபுட்" என்று பொதுவாகக் கேட்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். காளான், மோமோ, ஃப்ரைட் ரைஸ், பரோட்டா, பஜ்ஜி, பஃப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் என்று பட்டியல் கொடுங்கள். பலர் பரோட்டாவைச் சாப்பாட்டுக் கணக்கில் வைத்திருப்பார்கள்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் காலை உணவு, 2022இல் தொடங்கியது. பத்தாம் வகுப்பு வரை சத்துணவு. அதே பிள்ளை பதினெட்டு வயதில், வளர்த்தி இன்னும் முடியாத வயதில், கல்லூரிக்கு வந்தால் அவன் தட்டு அவன் பொறுப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும் 2018இலும் கல்லூரி வளாகங்களில் நொறுக்குத்தீனி விற்கக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளிகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி வேறு இருக்கிறது, வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்தவற்றை விற்கக்கூடாது. எடுக்கச் சொன்னார்கள் சரி, அந்த இடத்தில் எதை வைப்பது? கேன்டீனில் பஃப்ஸை நிறுத்திவிட்டு வேறெதுவும் வைக்காவிட்டால் மாணவன் வாசலைத் தாண்டி வண்டிக்குப் போவான். அந்த வண்டிக்காரரே இந்த இழையில் இருக்கிறார், அவரைக் குறை சொல்லவில்லை.

#9 தள்ளுவண்டி_அண்ணன் | செவ்வாய், மதியம் 1:10

சொன்னாலும் கோச்சுக்க மாட்டேன் சார். உங்க ஸ்டாஃப் ரூமுக்கும் பார்சல் போகுது.

#10 கொடை_விடுதிவாசி | செவ்வாய், மாலை 5:45

நான் கொடைக்கானல் பக்கம், லேடீஸ் ஹாஸ்டல். எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. நீங்க எல்லாரும் பசங்க வண்டிகிட்ட நின்னு சாப்பிடறதையே பேசறீங்க. எங்களுக்கு நிக்கறதுக்கே வழியில்லை. ஆறு மணிக்கு கேட் மூடிடும். டவுன்ல ஏழு ரோடு ஜங்ஷனுக்கு வரணும்னாலே பஸ் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை மட்டும் கூட்டமா இறங்கி, ஒருத்தருக்கு ஸ்வெட்டர், ஒருத்தருக்கு பேங்க் வேலை, எல்லாம் முடிச்சுக் கடைசியில திபெத் காரங்க கடையில மோமோ. அது வாரத்துக்கு ஒரு நாள் திருவிழா, அதை யாரும் கெடுதல்னு சொன்னா எனக்குக் கோபம் வரும்.

வார நாள்ல நாங்க சாப்பிடறது வேற. ராத்திரி ஏழரைக்கு மெஸ் முடிஞ்சுடும். பதினொண்ணு, பன்னெண்டு வரைக்கும் ரெக்கார்டு எழுதறோம். அந்தக் குளிர்ல பத்து மணிக்குப் பசி எடுக்கும் பாருங்க, கம்பளிக்குள்ள போனாலும் விடாது. ரூம்ல கெட்டில் வெச்சுக்கக் கூடாதுன்னு ரூல். எல்லா ரூம்லயும் இருக்கு. பாக்கெட் நூடுல்ஸ், சிப்ஸ், பிஸ்கட், அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம்னு பாக்கெட்ல போட்டிருக்கும், இங்க அது வேகறதுக்குள்ள ஒரு கேள்விக்குப் பதில் எழுதிடலாம். காரணம் கொதிநிலை சார் புண்ணியத்துல இப்பதான் தெரிஞ்சது.

காசு பத்தி ஒண்ணு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வருது, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. எங்க ரூம்ல வாங்கறவங்க இருக்காங்க. பாதி வீட்டுக்குப் போகும், மிச்சத்துல பஸ், ஜெராக்ஸ், நாப்கின். அதுலயும் மிஞ்சறதுல ஒரு நாள் அவங்க எல்லாருக்கும் மோமோ வாங்கித் தருவாங்க. யாரும் கேக்கலை, அவங்களுக்கா வாங்கித் தரணும்னு இருக்கும். அதுவரைக்கும் மத்தவங்க காசுல சாப்பிட்டவங்க. "நண்பர்கள் தூண்டுதல்"னு கேள்வித்தாள்ல போட்டா இது அதுக்குள்ள வருமா அக்கா?

#11 மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 6:20

ஒரு பதிவிலிருந்து கடையின் பெயரும் வாந்தி, பேதிக் கதையும் நீக்கப்பட்டன. புகார் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுங்கள், இங்கே பெயர் வேண்டாம். காளான் கடை முகவரி கேட்டுத் தனிச்செய்தி அனுப்புவதையும் நிறுத்தவும். எனக்கே வந்திருக்கிறது.

#12 கோத்தகிரி_அப்பா | செவ்வாய், இரவு 9:00

எங்க ஊர் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி, அதாவது படுகர் கிராமம். பொண்ணு ஊட்டியில ரெண்டாம் வருஷம். வீட்டுல ராகி ஹிட்டு, அதாவது களி இருக்கு, அவரைக்காய் போட்ட உதக்கா, அதாவது குழம்பு இருக்கு, எருமைத் தயிர் கிடைச்சா அதுவும் இருக்கு. வீட்டுல இருக்கறப்ப நல்லாவே சாப்பிடுவா. காலேஜுக்குக் கட்டிக் குடுத்தா வேண்டாம்கறா. நான் முதல்ல பட்டிக்காட்டுச் சாப்பாடுன்னு கூச்சப்படறாளோன்னு நினைச்சேன். கூச்சம் கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அவ சொன்னது: "அப்பா, மத்தியானம் அது கல்லாயிடுது. எங்க சூடு பண்றது?" ஹிட்டு ஆறினா சாப்பிட முடியாது, அது எனக்கே தெரியும். மலையில காலையில கட்டின எந்தச் சோறும் ஒரு மணிக்கு ஜில்லுன்னுதான் இருக்கும். காலேஜ்ல ஒரு ரூம்ல சூடு பண்ணிக்க ஒரு அடுப்போ மெஷினோ வெச்சா பாதிப் பிள்ளைங்க வீட்டுச் சோறு சாப்பிடும். கட்டடம் கட்டறாங்க, சிசிடிவி வெக்கறாங்க, இது மட்டும் யாருக்கும் தோணலை.

#13 சிஸ்டர்_குன்னூர் | புதன், காலை 6:15

நைட் டியூட்டி முடிஞ்சு எழுதறேன். செவிலியர். எங்ககிட்ட வர்ற காலேஜ் பொண்ணுங்கள்ல நான் அடிக்கடி பார்க்கறது ரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வோட அஞ்சாவது சுற்றுல தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. நம்ம மலையில சாப்பாட்டோட சேர்த்து டீ குடிக்கற பழக்கம் அதை இன்னும் மோசமாக்கும். டீயில இருக்கற டானின் இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. பதினொரு மணிக்கு பஃப்ஸும் டீயும் காலைச் சாப்பாடுன்னா உடம்புக்கு என்ன போய்ச் சேரும்? நடுவட்டம் தம்பி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பா. வாந்திக்கு மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட கேளு. பஸ்ல முன் சீட்டுல உட்காரு, போனைப் பார்த்துக்கிட்டு டைப் பண்ணாத, அதுதான் பாதி வாந்திக்குக் காரணம்.

கொடை விடுதிவாசிக்கு: ராத்திரி பசி உன் தப்பு இல்லைம்மா. தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டற கிரெலின் ஏறும், போதும்னு சொல்ற லெப்டின் இறங்கும். ஆனா பாக்கெட் பின்னாடி சோடியம் எவ்வளவுன்னு பாரு. மில்லிகிராம்ல போட்டிருப்பாங்க, அதை ரெண்டரையால பெருக்கினா உப்புக் கணக்கு வரும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மசாலா பாக்கெட்டைப் பாதி மட்டும் போடு, ஒரு முட்டையை உடைச்சு ஊத்து.

தள்ளுவண்டி அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. பொரிச்ச எண்ணெயில துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சறப்ப உண்டாகற கெட்டுப்போன பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினா அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018ல இருந்து சட்டம். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணிச்சு. மலைக்குளிர்ல கெடாதுன்னு நினைக்கற கடைக்காரங்களைப் பார்த்திருக்கேன். அடுப்புக்குப் பக்கத்துல வெச்ச கிண்ணத்துல ஏது குளிர்?

#14 தள்ளுவண்டி_அண்ணன் | புதன், காலை 9:40

மயோனைஸ் வெக்கறதே இல்லை சிஸ்டர். எண்ணெய், கறுத்துச்சுன்னா மாத்திடுவேன். கறுக்கறதுக்கு முன்னாடியே மாத்தணும்னு நீங்க சொல்லுவீங்க. மழை மாசத்துல அது கஷ்டம், பொய் சொல்ல விரும்பலை.

#15 அந்தக்காலத்து_ஆள் | புதன், மதியம் 12:05

எல்லாரும் ஒரே சாக்காகச் சொல்கிறீர்கள். குளிராம், பஸ்ஸாம், கொதிநிலையாம். எங்கள் காலத்திலும் ஊட்டி இதே உயரத்தில்தான் இருந்தது. நாங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனதைத் தின்றுவிட்டுப் படித்தோம். இப்போது ஒருவன் கடை முன்னால் நின்று வீடியோ எடுத்துப் போடுகிறான், அடுத்த நாள் நூறு பேர் வரிசையில். இது ரீல்ஸ் வியாதி. விளம்பரம் என்று அந்தப் பெண் போட்ட கட்டம்தான் சரி.

#16 நடுவட்டம்_வழி | புதன், மதியம் 1:20

ஐயா, அந்த வீடியோ பார்த்து வர்றவங்க பெரும்பாலும் கார்ல வர்ற டூரிஸ்ட். எங்களுக்குக் கடை எங்க இருக்குன்னு ரீல்ஸ் சொல்லித்தான் தெரியணுமா, தினமும் அது வழியாத்தானே நடக்கறோம். புதுசா சீஸ் போட்டது, நெருப்பு வெச்சுக் காட்டறது இதெல்லாம் வீடியோவால வந்ததுன்னு ஒத்துக்கறேன். ஒரு தடவை ஆசைக்குப் போவோம். தினமும் போறது காளானுக்கு, அதுக்கு யாரும் விளம்பரம் பண்ணலை.

உங்க காலத்துல சாயங்காலம் எங்க உட்கார்ந்தீங்க? நிஜமாத்தான் கேக்கறேன்.

#17 அந்தக்காலத்து_ஆள் | புதன், மதியம் 2:00

லைப்ரரியில். மழை என்றால் பஸ் ஸ்டாண்டில். டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறோம். பஜ்ஜியும் தின்றிருக்கிறோம், அதை யார் இல்லை என்றது.

#18 கொதிநிலை | புதன், மாலை 4:30

வம்பு வேண்டாம், ஒரு ஆய்வைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்தியதைத் தின்ற நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது, வேகமாகவும் தின்றிருந்தார்கள். ஆகவே சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், கூல்டிரிங்க்ஸ் வகையில் மாணவனின் மனஉறுதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அந்தப் பண்டத்தின் செய்முறையிலேயே ஏதோ இருக்கிறது. வண்டிக்கடைப் பஜ்ஜி, பரோட்டாவை இதே கூடையில் போடக்கூடாது. அவற்றின் கெடுதல் வேறு: எண்ணெய், மைதா, உப்பு. கேள்வித்தாளில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். விடுதிப் பெண்கள் ஒரு பக்கமும் பஸ்ஸில் வருகிறவர்கள் மறுபக்கமும் விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

வாந்தி பற்றிக் கேட்டீர்களே. இறக்கத்திலும் அதே வளைவுகள்தான். இருட்டில் ஜன்னல் வழியே எதுவும் தெரியாது, களைப்பில் தூங்கிவிடுவீர்கள், தூங்குகிறவருக்குக் குமட்டல் குறைவு. அதுவாக இருக்கலாம்.

#19 கேத்தி_பொண்ணு | புதன், இரவு 9:15

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஆறு கட்டத்தையும் தூக்கிட்டேன். புது வரைவு இது:

நேத்து நீங்க சாப்பிட்டது, குடிச்சது எல்லாம் நேர வரிசையில எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எங்க, யார்கூட, காசு குடுத்தது யாரு. அது சூடா இருந்துச்சா. ஒரே பிளேட்டா, பங்கு போட்டதா. முதல் வாய்ச் சாப்பாடு எத்தனை மணிக்கு. பஸ்ல வர்றவங்கன்னா வீட்டுல இருந்து கிளம்பின நேரம், திரும்பிப் போய்ச் சேர்ந்த நேரம். ஹாஸ்டல்னா மெஸ் மூடின நேரம், படுத்த நேரம். டிபன் பாக்ஸ் கொண்டு வந்தீங்களா, திறந்தீங்களா, மிச்சம் வெச்சீங்களா. கடைசியில ஒரே ஒரு திறந்த கேள்வி: கிளாஸ் விட்டதும் காசு குடுக்காம உட்கார்றதுக்கு உங்களுக்கு எந்த இடம் இருக்கு?

கொடை_விடுதிவாசி, "நண்பர்கள் தூண்டுதல்"ங்கறதை எடுத்துட்டேன். நீ சொன்னதுக்காகத்தான் "காசு குடுத்தது யாரு"ன்னு சேர்த்தேன். கோத்தகிரி அப்பா, சூடு பண்ற மெஷின் பத்தி பரிந்துரையில எழுதறேன். கல்லட்டி சார், எத்தனை பேர்கிட்ட வாங்கினாப் போதும்?

#20 கல்லட்டி_மூணாம்வளைவு | புதன், இரவு 9:50

எண்ணிக்கையை உங்கள் கைடிடம் பேசி முடிவு செய்யுங்கள். எத்தனை பேர் என்பதை விட எந்த நாள் என்பது முக்கியம். எல்லாரிடமும் திங்கட்கிழமை வாங்காதீர்கள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை தின்றதைத்தான் எழுதுவார்கள். மோமோ மட்டும் மலை போல வந்து நிற்கும். வாரத்தின் வேறு வேறு நாட்களில் பிரித்து வாங்குங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு முறை, சீசனில் ஒரு முறை. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். மெஸ் பற்றி ஒரு வரி எழுதினாலும் பிள்ளைகளுக்குப் பயம் இருக்கும், தாளை வார்டன் கையில் கொடுத்து வாங்க வேண்டாம், நீங்களே ஒரு பெட்டி வையுங்கள்.

கடைசிக் கேள்வி நன்றாக இருக்கிறது. அதை முதலில் வைக்காதீர்கள், பதில் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

#21 சும்மா_வந்தேன் | புதன், இரவு 10:05

நேத்து நான் சாப்பிட்டதை யோசிச்சுப் பார்த்தேன். காலையில டீ, பதினொண்ணுக்கு டீ, ரெண்டு வர்க்கி, மத்தியானம் நினைவில்லை, சாயங்காலம் காளான், ராத்திரி பரோட்டா. ருசின்னு சொன்னதை வாபஸ் வாங்கலை, ஆனா மத்தியானம் என்னதான் சாப்பிட்டேன்?

#22 தள்ளுவண்டி_அண்ணன் | புதன், இரவு 11:10

பாப்பா, கடைகிட்ட நின்னு பேப்பர் குடுக்கறதா இருந்தா நாலு மணிக்கு வராத. கூட்டம், எண்ணெய் தெறிக்கும், உன் பேப்பர் எல்லாம் சாஸ் ஆயிடும். அஞ்சரைக்கு மேல வா, பஸ் போனதுக்கப்புறம் நிக்கறவங்க நிதானமா எழுதுவாங்க. பேனா நீயே கொண்டு வா, போன தடவை ஒரு சர்வேக்காரங்க என் பில் பேனாவை எடுத்துட்டுப் போயிட்டாங்க.